கிழியாத காது

என் தகப்பன் வழியில் எவரும் நாற்பத்தைந்து வயதைக் கண்டதில்லை. அப்பா நாற்பத்தொன்றில் போனார். அவருடைய தமையன் நாற்பத்துநாலில். தங்கை, அதாவது என் மாமி, முப்பத்தொன்பதில். மூவரும் காய்ச்சல், இருமல் என்று பாயில் கிடந்து போனவர்கள் அல்லர். நின்ற இடத்தில் நெஞ்சைப் பொத்திக்கொண்டு குந்தினார்கள், எழும்பவில்லை. அப்பா குந்தியது எங்கள் கிணற்றடியில். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவர் என்னவோ தவறவிட்டதைத் தேடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

அன்றிலிருந்து எனக்குச் சந்தேகப் புத்தி பிடித்துக்கொண்டது. யார் என்ன சொன்னாலும் அதன் பின்னால் இன்னொன்று ஒளிந்திருக்கிறது என்று தோன்றும். அம்மா என்னைத் தேற்றப் பார்த்தாள். எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் பிள்ளை தாயின் குடியை, அதாவது தாய்வழிக் குலத்தைச் சேர்ந்தது. கோயிலில் பிள்ளைக்குக் கிடைக்கும் மரியாதையும் தாய்வழியில் வருவதுதான். ஆகவே நான் அவளுடைய குடி, தகப்பனுடைய சாவு எனக்கு வராது என்பது அவள் நியாயம். நான் என் பெருவிரலைப் பார்ப்பேன். அப்பாவுடைய நகம் அப்படியே. அகலமாய், சப்பையாய், ஒரு காசை ஒட்டி வைத்தது போல. நகம் வந்திருக்கிறது, நெஞ்சு மட்டும் வராமல் விடுமா என்று அம்மாவைக் கேட்பேன்.

எனக்கு இருபத்தைந்து நடக்கையில் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு கிராமத்து டிஸ்பென்சரியில் மருந்து கலந்து கொடுக்கும் வேலை கிடைத்தது. அந்த ஊரிலேயே சம்பந்தமும் பேசி வந்தார்கள். பெண்ணின் தாய் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: என்ன குடி? சொன்னேன். கொள்ளலாம் கொடுக்கலாம் என்ற முறைக்குச் சரியாக இருந்தது. தலையை ஆட்டினாள். என் அப்பா எப்படி இறந்தார் என்று கேட்கவே இல்லை. அதுவே எனக்கு உறுத்தலாக இருந்தது. மாட்டை வாங்குகிறவன்கூடப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான். இவர்கள் இவ்வளவு அவசரமாக எதை மறைக்கிறார்கள் என்று யோசித்தேன். நானே சொன்னேன், தகப்பன் வழியில் எல்லோருக்கும் அற்பாயுசு என்று.

"அது உங்களோட கிடக்கட்டும் தம்பி," என்றாள். "புள்ள எங்கட குடி. எங்கட குடியில நூறு வயசு கிடக்கு. எங்கட அண்ணனைப் பார்க்கல்லயா?"

அவளுடைய அண்ணனைப் பார்க்காதவர்கள் அந்த வட்டாரத்தில் இல்லை. கோயிலில் அவர்கள் குடிக்கு வண்ணக்கர் அவர். கோயில் காரியங்களைப் பார்க்கும் பொறுப்பு அது. மாமன் போனால் சகோதரி மகனான மருமகனுக்கு வரும், மகனுக்கு வராது. வண்ணக்கரைப் பெயர் சொல்லி அழைப்பது மரியாதை இல்லை. அவருடைய பெயர் என்ன என்று எனக்கே கலியாணமாகி இரண்டு வருஷத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. ஊரில் எல்லோருக்கும் வண்ணக்கர், அவ்வளவுதான்.

நான் அந்த வீட்டுக்குப் போனபோது அவருக்கு நூற்றொரு வயது என்றார்கள். மெலிந்த, நெடிய மனிதர். தோள்வரை தொங்கும் நரைமயிர். பல்லில் பாதி இருந்தது. வயல்வட்டைக்குப் போய் வரம்பில் நடந்து திரும்புவார். அவருடைய வயதுக்குச் சாட்சியாக ஊர் ஒரு கதையை வைத்திருந்தது. மாடெல்லாம் நோயில் செத்த வருஷம், வண்ணக்கருக்கு அப்போது முப்பது கடந்திருந்ததாம். தேன் எடுக்கக் காட்டுக்குப் போனவரைக் கரடி மறித்தது. கட்டிப் புரண்டார். கரடி செத்தது. ஆனால் அவருடைய இடது காதுச்சோணை கடுக்கனோடு கிழிந்து போய்விட்டது. மாடு செத்த வருஷத்திலிருந்து ஊரே விரல் மடித்து எண்ணியது. நகரத்திலிருந்து உத்தியோகத்தர் யாராவது வந்தால் ஊர் அதிகாரியான விதானை அவர்களை முதலில் கோயிலுக்கும் அடுத்ததாக வண்ணக்கரிடமும் அழைத்துப்போவார். அவர்கள் கரடிக் கதையைக் கேட்பார்கள். வண்ணக்கர் சிரிப்பார். ஆம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார்.

கல்யாணமாகி அடுத்த வருஷம் மகள் பிறந்தாள். மருத்துவிச்சி குழந்தையைக் கொண்டுவந்து காட்டியபோது நான் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பிரித்துப் பார்த்தேன். பெருவிரலில் சப்பை நகம். மருத்துவிச்சி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பெண் பிள்ளை என்று எனக்கு மனக்குறை என நினைத்திருப்பாள். எனக்கு இருந்தது பயம்தான்.

டிஸ்பென்சரியில் வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி மட்டக்களப்பு நகரத்துப் பறங்கியர். நல்ல மனிதர், நிறைய வாசிப்பார். நான் சுற்றி வளைத்து அவரிடம் கேட்டேன், பிள்ளைக்குத் தாய்வழி மட்டும்தான் வருமா என்று. இரத்தத்துக்குக் குடி கிடி தெரியாது என்று சிரித்தார். பிள்ளை பாதியைத் தாயிடமும் பாதியைத் தகப்பனிடமும் எடுக்கும். எந்தப் பாதியை எடுக்கும் என்பதை யாரும் சொல்ல முடியாது. தீர்க்காயுசும் அப்படிச் சில குடும்பங்களில் இறங்கி வருகிற ஒன்றுதான் என்று படித்திருக்கிறார். கலந்து போன விதைநெல் போல, முளைத்து வளர்ந்தால்தான் எது எதென்று தெரியும் என்றார். எனக்குப் புரிந்தது. என் பாதி கெட்டது. மற்றப் பாதியிலாவது அந்த வண்ணக்கரின் நூறு இருக்க வேண்டும். என் மகளுக்கு இருந்த ஒரே பிடி அதுதான்.

அவளுக்கு மூன்று வயதில் குளிர்காய்ச்சல் வந்தது. அந்த நாட்களில் ஊரே நடுங்கிக்கொண்டு கிடந்தது. காய்ச்சலுக்கான கொயினாத் தண்ணியைக் கலந்து கலந்து என் கையே கசந்தது. அப்போதிக்கரி அவளுடைய நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டார். எடுத்தார். மறுபடி வைத்தார். மறுபடி வைக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது.

"ஒரு சத்தம் கேக்கிற மாதிரிக் கிடக்கு," என்றார். "வளர வளரப் போகலாம். போகாமலும் விடலாம்."

காய்ச்சல் மாறிவிட்டது. ஆனால் அந்தச் சத்தம் என்னுடைய காதுக்குள் ஏறிக்கொண்டது. அப்போதிக்கரியிடம் கேட்டு ஒரு பழைய குழலை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டேன். தினமும் விடிந்ததும் அவள் முகம் கழுவு முன்னரே நெஞ்சில் வைத்துக் கேட்பேன். சில நாள் கேட்கும். சில நாள் கேட்காது. கேட்காத நாளில் குழலைச் சந்தேகப்படுவேன். மனைவி முதலில் கோபித்தாள், பிறகு பேசாமல் விட்டுவிட்டாள். மகள் நான் வருவதைக் கண்டதுமே சட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அந்த வருஷம் மாரி முடியும் நேரம் வண்ணக்கர் டிஸ்பென்சரிக்கு வந்தார். அவர் மருந்துக்கு வருகிறவர் அல்லர், காது வலி தாங்க முடியாமல் வந்திருந்தார். அப்போதிக்கரி நகரத்துக்குப் போயிருந்தார். நான் மருந்தெண்ணெயைச் சூடுகாட்டி எடுத்துக்கொண்டு, அவருடைய தலைமயிரை ஒதுக்கினேன். இடது காது. எண்ணெயை விடப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். காதுச்சோணை முழுசாக இருந்தது. நடுவில் கடுக்கன் போட்ட சிறு துளை. கிழிந்த அடையாளமோ ஒட்டிய தழும்போ இல்லை.

ஊர் சொல்வது வலது காதாக இருக்குமோ என்று ஒரு கணம் என்னையே சந்தேகப்பட்டேன். மற்றக் காதையும் பார்க்க வேண்டும் என்றேன். அது நோகவில்லையே என்றார். நோகாத காதைப் பார்த்தால்தான் நோகிற காதின் நிலை தெரியும் என்று ஒரு சாட்டுச் சொல்லி அந்தப் பக்கத்து மயிரையும் தூக்கினேன். அதுவும் முழுசு. எண்ணெயை விட்டேன், பஞ்சை வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் போத்தலைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் மெதுவாகக் கேட்டேன், அண்ணனுக்குக் கரடி கிழித்தது எந்தக் காது என்று. அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் இடது என்றாள். நீங்கள் கண்ணால் கண்டீர்களா என்றேன். சுளகு நின்றது. தான் அப்போது பிறக்கவே இல்லை என்றாள். கடைசியாக எப்போது அண்ணனுடைய காதைப் பார்த்தீர்கள் என்று விடாமல் கேட்டேன். அடுப்பில் பால் பொங்குகிறது என்று எழும்பிப் போனாள். அன்று அடுப்பே மூட்டியிருக்கவில்லை.

ஊரில் வயதான நாலைந்து பேரிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். எல்லோரும் கரடியைச் சொன்னார்கள். கரடியோடு புரண்டவர் வண்ணக்கர் என்றுதான் சொன்னார்கள். பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டால் நாக்கைக் கடித்துக்கொள்வார்கள், அது எப்படி வாயில் வரும் என்று. அந்த இடத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. வண்ணக்கர் என்பது ஒரு ஆளுடைய பெயர் இல்லையே. இவருக்கு முன்னால் இவருடைய மாமனும் வண்ணக்கர்தானே.

ஒரு நாள் பின்னேரம் துறையடியில் அவர் தனியாகத் தோணிக்குக் காத்திருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். காது எப்படி என்று கேட்டேன். சுகம் என்றார். பிறகு அவரே தொடங்கினார்.

"கேட்கிறதைக் கேளுங்க தம்பி. அண்டைக்கே கேட்பீங்க எண்டு நினைச்சன்."

"கரடி கிழிச்சது ஆரை, மாமா?"

"என்ட மாமாவை," என்றார். "மாடு செத்த வருஷம் நான் தாயிட வயித்துக்குள்ள."

வாவியைப் பார்த்தபடி, அவசரமில்லாமல் சொன்னார். அவருக்கு இருபத்தாறு வயதில் மாமனும் அவரும் ஊரில் வேறு சிலருமாகக் கதிர்காமத்துக்கு நடந்து போயிருக்கிறார்கள். காட்டுப் பாதையில் மாமன் இறந்து போனார். அங்கேயே அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். ஊரில் பிரேதம் கிடக்கவில்லை, பறை அடிக்கவில்லை. வண்ணக்கர் கதிர்காமம் போனார், வண்ணக்கர் திரும்பி வந்தார். அன்று சிறுவராக இருந்தவர்களுக்கு அதுதான் நினைவு. வருஷம் போகப் போக மாமனுடைய கரடி இவருடைய கரடியாயிற்று, மாமனுடைய வயது இவருடைய வயதோடு சேர்ந்துகொண்டது. உண்மையில் அவருக்கு எழுபத்திரண்டு நடந்துகொண்டிருந்தது.

தெரிந்தவர்கள் ஒருவரும் மறுக்கவில்லையா என்று கேட்டேன்.

"கிடக்காங்க ரெண்டு மூணு பேர். எனக்கு நூத்தஞ்சு எண்டா அவங்களெல்லாம் பொடியனுகள். ஆருக்கு நட்டம்?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. யாருக்கு நட்டம் என்று கேட்கிறார், என் பிள்ளையின் நூறு வயதைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு. ஆனாலும் எழுபத்திரண்டும் மோசமில்லையே என்று என்னை நானே சமாளித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்றைக் கேட்டேன். கேட்காமல் விட்டிருக்கலாம். மாமன் என்ன நோயில் இறந்தார்?

அவர் வலது கையைத் தூக்கித் தன் நெஞ்சில் வைத்தார்.

"இப்பிடிப் பொத்திக்கொண்டு குந்தினார். அம்பத்தொம்பது வயசு. எனக்கு மூத்தது ரெண்டு பேர், இளையது ஒரு தம்பி. மூணு பேரும் இப்பிடித்தான். ஒருத்தனும் அம்பதைக் காணல்ல. ஊருக்குக் காய்ச்சல் எண்டு சொன்னம்."

கிணற்றடியில் அப்பா குந்தியதை நான் யாரிடமும் விவரமாகச் சொன்னதில்லை. அவர் காட்டியது அதே கை, அதே இடம். அப்படியானால் என் மகளுக்கு இரண்டு பாதியும் ஒன்றுதான். நான் துறையடிக் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

"அம்பது வரைக்கும் நானும் ஒவ்வொரு நாளும் நெஞ்சைத் தடவிக்கொண்டுதான் எழும்பினன். மறுகா ஊர் என்ட வயசைக் கூட்டத் தொடங்கிச்சு. எனக்கு எண்பது எண்டாங்க. எண்பதைக் கண்டவன் அம்பதுக்குப் பயப்படுவானா? பயம் போயிற்று. அதுதான் இல்லை எண்டு சொல்லல்ல. நீங்க சொல்லுறதெண்டா சொல்லுங்க."

தோணி வந்தது. அவர் ஏறிப் போனார். அவர் சொன்னதிலும் ஏதோ ஒளிந்திருக்கிறது என்று நான் சந்தேகப்பட்டுப் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. நான் யாரிடமும் சொல்லவுமில்லை. காலையில் குழலை எடுத்து முன்னிலும் கூடுதல் நேரம் வைத்துக் கேட்டேன்.

மூன்று வருஷம் போனது. உலகச் சண்டை தொடங்கி அரிசிக்கு ஆலாய்ப் பறந்த காலம் வந்தது. மகள் பள்ளிக்கூடம் போனாள். பள்ளிவிட்டு வந்ததும் நேராக வண்ணக்கரிடம் ஓடிவிடுவாள். அவருடைய மயிரைச் சீவிப் பின்னலிட்டுப் பழகுவது அவளுடைய விளையாட்டு. அவரும் ஒரு பெண்பிள்ளை போலத் தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் வீட்டிலேயே, நித்திரையில், ஒரு முனகலும் இல்லாமல் இறந்தார். தெரிந்த அந்த இரண்டு மூன்று பேரும் அதற்குள் போய்விட்டதால், அவருடைய உண்மையான வயது எழுபத்தைந்து என்பது எனக்கும் மாமியாருக்கும்தான் தெரியும். மற்றவர்களுக்கு நூற்றெட்டு.

இம்முறை ஊரில் பிரேதம் கிடந்தது. பறை அடித்தது. பதிவுகாரர் மரணத்தைப் பதிய வந்தார். டிஸ்பென்சரி ஆள் என்பதால் அறிவிப்பவராக என்னைக் கையெழுத்திடச் சொன்னார்கள். வயது என்ன என்று பதிவுகாரர் கேட்டார். மாமியார் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். மகள் கையில் சீப்போடு என் பக்கத்தில் நின்றாள். அன்று காலையில், குழலை வைத்துக்கொண்டிருக்கும்போது, அவள் என்னிடம் கேட்டிருந்தாள், தனக்கும் நூற்றெட்டு வருமா என்று. நான் பதில் சொல்லியிருக்கவில்லை.

எல்லோரையும் கேள்வி கேட்டே வாழ்ந்தவன் நான். மருந்தில் ஒரு துளி கூடினால் கொட்டிவிட்டு மறுபடி கலக்கிறவன்.

"நூற்றெட்டு," என்றேன்.

பதிவுகாரர் எழுதினார். நான் கையெழுத்திட்டேன். மகள் என் விரலைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த நாள் விடிந்ததும் வழக்கம் போலக் குழலை எடுத்தேன். எடுத்த கை நின்றுவிட்டது. கையெழுத்திட்ட பிறகு குழலை வைப்பதென்றால் என் கையெழுத்தை நானே நம்பவில்லை என்று பிள்ளையிடம் சொல்வதாகிவிடும். கொண்டுபோய் அப்போதிக்கரியிடம் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவளுடைய நெஞ்சை நான் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பது கேட்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

நாற்பத்தைந்து எனக்கு வந்தது, போனது. எப்படித் தப்பினேன் என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். அம்மாவுடைய பாதியாக இருக்கலாம். என் பிறந்த வருஷத்தை அவள் தப்பாகச் சொல்லியிருக்கவும் கூடும். மகள் கலியாணம் செய்தாள், பிள்ளைகள் பெற்றாள். எங்கள் வழக்கப்படி அவளுக்குப் பக்கத்து வளவில் வீடு கட்டிக் கொடுத்தோம். அவளுடைய பிள்ளைகளுக்கும் கரடிக் கதை சொல்லியாயிற்று. எங்கள் குடியில் நூற்றெட்டு வயது வரை இருந்திருக்கிறார்கள் என்று அவர்கள் பள்ளியில் பெருமையடித்துக்கொள்வார்கள். அவளும் சேர்ந்து சொல்லுவாள். நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

அவளுக்கு நாற்பத்தைந்து நிறைந்த அன்று விடியவே நான் வேலியோரம் போய் நின்றேன். அவள் எழும்பி வந்தாள், கிணற்றில் தண்ணீர் அள்ளி முகம் கழுவினாள். வாளியை வைக்கக் குனிந்தபோது நான் வேலியைப் பிடித்துக்கொண்டேன். நிமிர்ந்தாள். என்னைக் கண்டாள். உள்ளே வரச் சொல்லித் தேத்தண்ணி தந்தாள். நீட்டும்போது பெருவிரலால் கோப்பையைப் பிடித்திருந்தாள், அந்தச் சப்பை நகத்தோடு.

"இனி நீங்க வேலியில நிக்கத் தேவையில்ல அப்பா," என்றாள். "நாற்பத்தஞ்சு தாண்டிற்றுது."

அவளுக்கு அந்தக் கணக்கை யார் சொன்னார்கள் என்று கேட்டேன். அம்மம்மா என்றாள். சமாளிக்க நினைத்து, எங்களுக்கென்ன, நூற்றெட்டு வயசுக் குடியல்லவா என்றேன். அவள் சிரித்தாள்.

"வண்ணக்கர்ர தலை சீவினது நான்தானே. ரெண்டு காதும் முழுசு. சின்னவளா இருக்கக்குள்ளயே தெரியும்."

அப்படியானால் ஏன் ஒரு நாளும் சொல்லவில்லை என்றேன். அவள் என் கையிலிருந்த கோப்பையை வாங்கிக் கீழே வைத்தாள்.

"நீங்க நூற்றெட்டு எண்டு சொன்ன நாளோட குழல் வைக்கிறத விட்டிட்டீங்க. சொன்னா மறுகாலும் வைப்பீங்க. குழல் வைக்கக்குள்ள உங்கட கை நடுங்கும் அப்பா. எனக்கு அது ஒண்டுதான் பயமாக் கிடந்தது."